வாய் கெட்டியானவள்

என் கடையில் கம்ப்யூட்டர் திரை சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். சுவருக்கும் திரைக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் என் முகம்தான் தெரியும், அதிலும் ஒன்றும் தெரியாது.

நீடாமங்கலம் பஜாரில் பதினான்கு வருடமாக நெட் சென்டர் நடத்துகிறேன். சிட்டா, அடங்கல், பாஸ்போர்ட், பரீட்சை ரிசல்ட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் என் வாட்ஸப்புக்குத்தான் வரும். பிரிண்ட் எடுத்துக் கவிழ்த்துக் கொடுப்பேன். சாயங்காலம் அன்றைக்கு வந்ததை எல்லாம் அழித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். எந்த வீட்டு மருமகள் பிரிந்து போகப் போகிறாள், எந்தப் பெரிய மனிதருக்கு என்ன வியாதி என்பது எனக்குத் தெரியும், என் கூடவே இருக்கிற வீட்டுக்காரர் கிளாட்சனுக்குத் தெரியாது. அவர் என்னைக் கல்லுளிமங்கி என்பார். கோபம் வந்தாலும் அதே வார்த்தைதான், கொஞ்சினாலும் அதே வார்த்தைதான். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையோடுதான் பூவக்காவை அவள் பிள்ளை முகம் பார்க்க விடாமல் அனுப்பிவைத்தேன்.

பூவம்மாள் எங்கள் தெருக்கோடி வீடு. எல்லோருக்கும் பூவக்கா. கணவர் போன பிறகு ஏழு மா நிலத்தைத் தானே வரப்பில் நின்று பயிர் செய்தவள். ஒரே மகன் பரணிதரன். ஐடிஐ முடித்து, தஞ்சாவூரில் ஒரு வருடம் ஜப்பான் மொழி படித்து, ஜப்பானில் ஏதோ உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். அவனுடைய பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பியது நான்தான். விமானம் ஏறும் முன்னால் ஒரு பை நிறைய முறுக்கோடு வந்து, “அம்மாவைப் பாத்துக்குங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதியத்துக்கு மேல் கடை திறப்பேன். இரண்டரை மணிக்கு அக்கா வருவாள். அவள் போனைப் பிரிண்டர் மேல் சாய்த்து வைத்து வீடியோ காலில் பரணியைப் பிடித்துக் கொடுப்பேன். அங்கே மணி ஆறாகியிருக்கும், அவனுக்குப் பின்னால் ஜன்னல் இருட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு முந்தி நீ இருட்டைப் பார்த்துவிடுகிறாயே என்று இரண்டு வருடமும் ஒரே ஆச்சரியத்தோடு கேட்டாள்.

போன ஆவணியில் ஒரு நாள் பரணி எனக்கு வாட்ஸப்பில் ஒரு காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பி, பயோடேட்டாவாக டைப் பண்ணித் தரச் சொன்னான். முகவரி இருந்த இடத்தில் ஒரகடம் என்று இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரகடம். நான் எதுவும் கேட்கவில்லை, கேட்பது என் தொழில் இல்லை. டைப் பண்ணி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டு அழுதான்.

மெஷினில் கை மாட்டிக்கொண்டு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அவர்களே வைத்தியம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லி அதுவரை குரலில் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தான். ஊருக்கு வர முகம் இல்லாமல் ஒரகடத்தில் நண்பன் அறையில் தங்கிக்கொண்டு, ஒரு கம்பெனியில் ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்க்கிற வேலைக்கு முயற்சி செய்கிறான்.

“அம்மாகிட்ட மூச்சு விட்றாதீங்கக்கா. சென்னையில செயற்கை விரல் செஞ்சு குடுக்கறாங்க. நகம் ரேகை எல்லாம் நம்ம கை மாதிரியே இருக்குமாம். அத மாட்டிக்கிட்டு நேரா வந்து நிக்கறேன். இந்தக் கையைப் பாத்தா அம்மா தாங்காது.”

என் வாயிலிருந்து வராது என்றேன். அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் தவறியதில்லை. அந்த வாரத்திலிருந்து அவன் ஒரகடத்து அறையின் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு, “இங்க மணி ஆறும்மா” என்று சொல்ல ஆரம்பித்தான். வேலையும் கிடைத்தது. வலது கை திரைக்கு வெளியிலேயே இருக்கும்.

புரட்டாசியில் பூவக்காவின் ரகசியம் வந்தது. கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். ரிப்போர்ட்டை எந்த நம்பருக்கு அனுப்புவது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவள் மனப்பாடமாக வைத்திருந்தது என் நம்பர் ஒன்றுதான். காலை பதினொரு மணிக்கு என் போனில் வந்து விழுந்தது. வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்ததில் அந்த ஆங்கிலச் சொற்கள் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு அது ஒன்றை மட்டும் கவிழ்த்துக் கொடுக்கக் கை வரவில்லை.

அக்காவே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். டாக்டர் ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லியிருந்தாராம். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்ததும் முதல் வார்த்தை மகனைப் பற்றித்தான்.

“அவங்கிட்ட சொல்லிடாத ஜெனிட்டா. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவான். போன புள்ள பாதியில வரக்கூடாது. தையில அறுப்பு முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கறேன்.”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எனக்கும் தெரியாமல் இல்லை. அக்கா, அவன் ஜப்பானில் இல்லை, காலையில் கூப்பிட்டால் சாயங்காலம் இங்கே நிற்பான். ஒரே ஒரு வரி. அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பரணிக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. என் வாயிலிருந்து வராதுக்கா என்று அவளுக்கும் அதே வாக்கைக் கொடுத்தேன்.

மருந்து ஏற்றியதில் முடி கொட்ட ஆரம்பித்ததும் அக்கா ஒரு காரியம் செய்தாள். தம்பி சிங்காரவேலுவைக் கூட்டிக்கொண்டு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டுதல் என்று சொன்னால் நம் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். சிங்காரவேலுவுக்கே விஷயம் தெரியாது. தஞ்சாவூருக்குப் போவது அல்சருக்கு வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைத் தலையோடு வந்து என் கடையில் உட்கார்ந்தாள். பரணி பதறிப்போனான்.

“ஒண்ணுமில்லடா. உனக்காகத்தான் வேண்டிக்கிட்டேன். எம்புள்ள கை காலு சொகமா ஊரு வந்து சேரணும்னு முடி எறக்கிட்டு வந்தேன்.”

அவன் முகத்தை நான் பார்த்தேன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சிக்னல் போய்விட்டது என்று போனைத் துண்டித்தான். அக்கா போன பிறகு என்னைக் கூப்பிட்டான். “கை காலுக்காக மொட்டை போட்டிருக்குக்கா. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இந்தக் கையோட போய் நிப்பேன்” என்று கேட்டான். விரல் வராமல் ஊர்ப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தான். அவள் பொய் அவனை அங்கேயே கட்டிப் போட்டுவிட்டது. அதுவும் எனக்குத் தெரிந்தது. இரண்டு பொய்யையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்த ஒரே ஆள் நான்தான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “அரைக்கீரை, முளைக்கீரை, மணத்தக்காளி” என்று தெருவில் கூவிக்கொண்டு போனது. பரணி உறைந்துவிட்டான். “ஜப்பான்லயும் கீரைக்காரம்மா வருதா” என்று அக்கா காதைக் கூர்மையாக்கினாள். நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. நம் பஜாரில் கூவுவதுதான் போனுக்குள் போய் எதிரொலிக்கிறது என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் வாசலில் இல்லாத கீரைக்காரியிடம் கீரை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா நம்பினாள். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்குப் பரணி ஒரு குரல் செய்தி அனுப்பினான். ஜப்பானில் ரகசியம் காப்பாற்றுகிறவர்களை ‘குச்சி கா கதாய்’ என்று சொல்வார்களாம். வாய் கெட்டியானவர் என்று அர்த்தமாம். அந்த ஊரில் ஒருவரை அப்படிச் சொன்னால் பெரிய மரியாதை, உங்களைத் தவிர வேறு யாருக்கும் நான் அதைச் சொல்லமாட்டேன் என்றான். அவர்கள் எழுத்தில் எழுதியும் அனுப்பினான். முதல் எழுத்து வெறும் சதுரம், ஒரு பெட்டி மாதிரி. அதுதான் வாயாம்.

நம்மிடம் இதற்கு நல்ல வார்த்தையே கிடையாது. அழுத்தக்காரி, ஊமைக்கோட்டான், கல்லுளிமங்கி, எல்லாமே வசவு. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக என் குணத்துக்கு ஒரு பாராட்டு கடல் தாண்டி வந்திருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து, உட்கார்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டேன். ஒட்டினபோது பூவக்காவுக்கு அரைவாசி உடம்பு கரைந்திருந்தது.

கார்த்திகை அடைமழையோடு அக்காவால் கடைக்கு வர முடியாமல் போனது. மருந்து ஏற்றுவதை டாக்டர்களும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் மறைக்க முடியாமல் சிங்காரவேலுவிடம் சொன்னாள், பரணிக்குச் சொல்லக்கூடாது என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மார்கழி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். சம்பா பால் பிடித்து நிற்கிறதா, எலி வெட்டு இருக்கிறதா என்று கேட்டாள். முகத்தைக் காட்ட முடியாது, போன் ரிப்பேர் என்று அவனுக்குச் சொல்லிவிடு என்றாள். பிறகு கேட்டாள்.

“ஜப்பான்லேர்ந்து கௌம்புனா வந்து சேர எத்தன நாளாவும்?”

நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. பதினான்கு வருடப் பழக்கம் எனக்கு முந்திக்கொண்டது.

“லீவு கேட்டு, டிக்கெட் எடுத்து வரணும். ரெண்டு நாளாவும்க்கா.”

“ரெண்டு நாளா.” அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “அப்ப வேணாம். நான் தாங்கமாட்டேன். பாதி வழியில சேதி தெரிஞ்சா புள்ள ஒத்தையா என்னா பண்ணுவான். நான் கேட்டேன்னு சொல்லாத.”

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். புதிதாகப் பூனைமயிர் போல முளைத்திருந்தது. வெளியே வந்து வரப்போரத்தில் நின்று அழுதேன். அழும்போதுகூடச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். ஆறு மணி நேரத்தில் வரக்கூடியவனை இரண்டு நாள் தூரத்தில் கொண்டுபோய் வைத்தது நான்தான் என்று அப்போதே தெரிந்தது. திரும்பி உள்ளே போயிருக்கலாம். பத்து அடி.

மறுநாள் திங்கட்கிழமை மனசு கேட்காமல் பரணியைக் கூப்பிட்டேன். ஒரு எட்டு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போயேன் என்றேன்.

“ஏங்க்கா, அம்மாவுக்கு எதாச்சுமா?”

அவன் நேராகக் கேட்டான். இப்படி நேராகக் கேட்டால் பதில் சொல்லத்தானே வாய் இருக்கிறது.

“ஒண்ணுமில்லப்பா. உன்னை நெனச்சு ஏங்கிப்போயிருக்காங்க, அவ்வளவுதான்.”

வெள்ளிக்கிழமை விரல் கைக்கு வந்துவிடும், சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன், ஐந்து நாள்தானே என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்குத் தெரியாமல் வந்து நிற்கப் போகிறேன், நீங்களும் சொல்லிவிடாதீர்கள் என்று இன்னொரு ரகசியத்தையும் என்னிடம் கொடுத்தான். சரிப்பா என்றேன். முழுதாகத் திறந்திருக்கலாம், முழுதாக மூடியாவது இருந்திருக்கலாம். பாதி திறந்துவிட்டு, என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பூவக்கா போய்விட்டாள்.

எட்டு மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். சிங்காரவேலு அழுதுகொண்டே ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை ஜப்பானிலிருந்து வர எப்படியும் இரண்டு நாள் ஆகும், மன்னார்குடியிலிருந்து ஃப்ரீசர் பெட்டி கொண்டுவரச் சொல்லலாம் என்று முடிவாகி, தெருப்பையன் காத்தான் போனை எடுத்து நம்பரும் போட்டுவிட்டான். முதலில் அவனுக்கு யார் சொல்வது என்று கேட்டார்கள்.

“பொட்டி வேணாம்,” என்றேன். “சாயங்காலத்துக்குள்ள வந்துடுவான்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரவேலு அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “அவன் மெட்ராஸ்ல இருக்கான். ஆவணியிலேர்ந்து அங்கதான் இருக்கான்” என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் முதலாக ஒருத்தர் ரகசியத்தை நடுத்தெருவில் வைத்து உடைத்தேன். யாருக்கு அது வேண்டியிருந்ததோ அவள் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

பரணி மூன்று மணிக்கு வந்தான். காரிலிருந்து இறங்கும்போது வலது கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான். அம்மாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். அவளுடைய ஒடுங்கிப்போன கன்னத்தையும் தலையில் முளைத்திருந்த மயிரையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இருந்தான். வேண்டுதல் மொட்டை இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது இடது கையால் அரிசியை எடுத்தான். சடங்கு செய்கிற வீரையன், “சோத்துக் கையால போடுப்பா, பெத்தவளுக்கு எடக்கையால போடக்கூடாது” என்றார். அவருக்கு என்ன தெரியும். பரணி பல்லால் முடிச்சைக் கடித்துக் கைக்குட்டையை அவிழ்த்தான். பெண்கள் பக்கம் சத்தம் எழுந்து அடங்கியது. கட்டைவிரலும் ஓரத்து இரண்டு விரலும் மட்டுமாக இருந்த கையில் அரிசியை அள்ளினான். விரல் இல்லாத இடத்தின் வழியாக அரிசி வழிந்து அவள் கழுத்திலும் மாலையிலும் சிந்தியது. மறுபடி அள்ளினான், மறுபடி சிந்தியது. சிங்காரவேலு தன் உள்ளங்கையை அவன் கைக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவைதான் நாலு அரிசி அவள் உதட்டில் விழுந்தது.

நான் அரிசி போடவில்லை. கையில் எடுத்தேன், பக்கத்தில் போக முடியவில்லை.

ஆறாம் நாள் பரணி கடைக்கு வந்தான். கொள்ளி வைத்தவன், மொட்டை போட்டிருந்தான். அந்தத் தலையோடு அக்கா உட்கார்கிற பெஞ்சில் உட்கார்ந்தான். இறப்புச் சான்றிதழுக்குப் பதிய வேண்டும் என்றான். பெயர், வயது, காரணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினேன். தகவல் தருபவர் முகவரி என்ற இடத்தில் ஒரகடம் முகவரியையே போடச் சொன்னான். ஆதாரை ஸ்கேன் பண்ண மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தபோது சுவரைப் பார்த்தான். அந்தச் சதுரம் அங்கேயே ஒட்டியிருந்தது, கிழித்துப் போட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதைப் பார்த்தபடியே, அம்மாவுக்கு வியாதி என்று எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். புரட்டாசியிலிருந்து என்றேன். தலையை ஆட்டினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். நானும்தானே சொல்ல வேண்டாம் என்று சொன்னேன் என்றான். அவன் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“கடைசியில அம்மா என்னைக் கேட்டாங்களாக்கா?”

கேட்கவில்லை, நினைவே இல்லாமல் போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதை நம்பிக்கொண்டு ஒரகடத்துக்கு பஸ் ஏறியிருப்பான். கேட்டேன் என்று சொல்லாதே என்பதுதான் பூவக்கா என்னிடம் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போனது. அதையாவது காப்பாற்றியிருக்கலாம். இனிமேல் என்னால் முடியவில்லை.

“கேட்டாங்கப்பா. அதுக்கு மூணு நாள் முந்தி. நீ ஜப்பான்லேர்ந்து வந்து சேர எத்தன நாளாகும்னு கேட்டாங்க.” ஸ்கேனர் மூடியைத் திறந்து அவன் ஆதாரை எடுத்துக் கொடுத்தேன். “ரெண்டு நாளாகும்னு நான்தான் சொன்னேன். அப்ப வேணாம்னுட்டாங்க.”

பரணி ஆதாரை இடது கையால் வாங்கிக்கொண்டான்.

“ஒரகடத்துலேர்ந்து ஆறு மணி நேரம்தாங்க்கா” என்றான், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது மாதிரி.